முதலாளிக்கு விளங்காதது மென்பொருளா, விலையா?



நமது ஊர்களில் நல்ல பில்லிங் மென்பொருள் எழுதக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். உயர்தரத்தில் ஐசிடி படித்தவர்கள், பைதனும் டேட்டாபேஸும் தெரிந்தவர்கள். ஆனால் அதை ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு விற்கப் போனால் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். "முதலாளிக்கு டெக்னொலொஜி விளங்காது" என்கிறார்கள்.

நாம் அப்படி நினைக்கவில்லை. முதலாளிக்கு வியாபாரம் நன்றாக விளங்கும். கிளவுட், ஏபிஐ என்று துண்டுப்பிரசுரம் அடித்தால் அவருக்கு என்ன பயன்? அவர் கேட்பது மூன்றுதான். யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்று உடனே பார்க்கலாமா? கரண்ட் போனால் கணக்கு என்னாகும்? பழுதானால் யார் வருவது?

அமெரிக்காவின் இன்டுயிட் நிறுவனம் வீட்டுக் கணக்குக்காகச் செய்த குயிக்கனை, சிறுவியாபாரிகள் கடைக் கணக்குக்குப் பாவிப்பதைக் கண்டது. அதன்பிறகு, கணக்கியல் படிக்காதவருக்கும் விளங்கும் விதமாக 1992இல் குயிக்புக்ஸை வெளியிட்டது. பற்று, வரவு என்று பயமுறுத்தாமல், வியாபாரி தினமும் தொடும் பில்லையும் காசோலையையும் திரையில் வைத்தது.

அடுத்தது விலை. "ஒரே தடவை 40,000 ரூபாய்" என்று விற்றுவிட்டு, பிரிண்டர் பொருத்த, அப்டேட் செய்ய, வேலையாளுக்குப் பழக்க என்று தனித்தனியாகக் காசு கேட்பவர்கள் உண்டு. கேட்க வெட்கப்பட்டு, பிறகு போனை எடுக்காமல் விடுபவர்களும் உண்டு. இரண்டிலும் நட்டம் முதலாளிக்கு. அதை அவர் பக்கத்துக் கடைக்கும் சொல்வார். சாதாரண வியாபாரி தன்னைப் போன்ற இன்னொரு வியாபாரியைக் கேட்டுத்தான் வாங்குகிறார். ஜெஃப்ரி மூர் 1991இல் எழுதிய 'குரொஸிங் த கேஸம்' நூலும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

குறைந்த விலையும் உதவி அல்ல. பராமரிப்புக்கு அதில் காசில்லாவிட்டால், எழுதிய பிள்ளை கட்டாருக்குப் போனதும் கடைக் கணக்கு அநாதையாகிவிடும். மாதக் கட்டணமாக வைத்தால் சேவைக்கும் கூலி கிடைக்கும்.

கொடுக்கல் வாங்கலில் 'கரர்' எனும் தெளிவின்மையை மார்க்கம் தடுத்திருப்பதை ஜும்ஆக்களில் கேட்கிறோம். மென்பொருளுக்கும் அது பொருந்தும். கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது, இடையில் நிறுத்தினால் கணக்கு விபரம் எப்படிக் கைக்கு வரும் என்பவற்றை ஒரே தாளில், தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஐசிடி செயற்றிட்டம் செய்யும் மாணவரிடம் ஆசிரியர்களாகிய நாம் அந்தத் தாளையும் கேட்போம். ஊரிலுள்ள ஒரு கடைக்காரர் அதை வாசித்து, விளங்குகிறது என்று சொன்ன பிறகு புள்ளி போடுவோம்.