முயலுக்குப் புத்தூர் கட்டு கிடையாது

கை, கால் முறிந்தால் தமிழர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் புத்தூர். ஆந்திராவில், கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் உள்ள நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும் வைத்தியத்துக்காக எல்லை தாண்டிப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டு முயலின் முதுகெலும்பு முறிந்து தண்டுவடமும் அறுந்துபோனால் எந்த ஊர்க் கட்டும் பலிக்காது. அந்த முறிவுக்கு நாய் துரத்த வேண்டியதில்லை, வண்டி மோத வேண்டியதில்லை. நகம் வெட்டுவதற்காக அன்போடு தூக்கிய கைகளே போதும்.

காரணம் உடற்கூறில் இருக்கிறது. பூனையின் எடையில் சுமார் 13 சதவீதம் எலும்பு. முயலுக்கோ சுமார் 8 சதவீதம்தான். பின்னங்கால் தசைகளுக்கு மட்டும் அசுர பலம். தூக்கும்போது பின்பாகம் தொங்கினால் முயல் பயந்து உதைக்கும். அந்த உதையில் இடுப்புக்கருகே தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவது மேஜிக் மேடையில் கைதட்டல் வாங்கலாம். வீட்டில் கூடவே கூடாது.

சரி, தொடாமலே விட்டுவிடலாமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. பிற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி என்பதால் நோயை மறைப்பது முயலின் சுபாவம். அதன் முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. கோணலாக வளர்ந்தால் தீனி எடுக்க முடியாது. 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் இயக்கம் முடங்குகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய கட்டம் அது. எனவே வாரம் ஒரு முறை பரிசோதனை அவசியம்.

முயல் ஒத்துழைக்க மறுத்தால்? 'நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்ற பிடிவாதம் இங்கே உதவாது. முயலை மேலே தூக்குவதற்குப் பதில் மனிதர் தரையில் உட்கார வேண்டும். வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கு விரித்து, கொத்தமல்லித் தழையோ அருகம்புல்லோ கொடுத்து அழைக்கலாம். முதல் சில நாட்கள் முதுகைத் தடவுவதோடு சரி. பிறகு காது, அதன் பிறகு பாதம். பின்னங்காலால் தரையைத் தட்டினாலோ, காதுகளை முதுகோடு ஒட்டவைத்து விழித்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பெரும்பாலான சோதனைகளுக்குத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. உதட்டை லேசாக விலக்கினால் முன்பற்கள் தெரியும். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு இருந்தால் அது உண்ணியின் வேலையாக இருக்கலாம். முன்னங்கால்களின் உட்பக்க ரோமம் ஈரமாக ஒட்டிக்கிடந்தால், மூக்கு ஒழுகி அதில் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மார்புக்கடியில் கை கொடுத்து முன்பாகத்தை மட்டும் உயர்த்தினால், பின்னங்கால்கள் தரையில் இருக்கும்போதே அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம். அங்கே ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் ஈ முட்டையிடும். சில மணி நேரத்திலேயே புழு வைத்துவிடும். நகத்தில் சிவப்பாக ஓடும் ரத்தக்குழாய்க்கு முன்னால் வெட்ட வேண்டும். நான்கு பாதங்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்பாகத்துக்கடியில். உடனே நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மல்லாக்கப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும். சுகமாகத் தூங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பயத்தில் உறைந்த நிலை.

நேரமும் முக்கியம். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் திருப்பதி, சித்தூர் பக்கங்களில் விடியற்காலையே ஏற்றது. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடல் சூட்டைப் பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. போராட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை மோசம்.

கோளாறு தெரிந்தால் கைவைத்தியம் வேண்டாம். நாய்க்கு வாங்கிய 'ஃபிப்ரோனில்' உண்ணி மருந்து முயலுக்கு விஷம். மனிதர்கள் சாப்பிட்டு மீந்த 'அமாக்ஸிசிலின்' அதன் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே எடுக்கலாம். நாராயணவனத்துக்காரர்களுக்குத் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி.

போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் கையோடு போகட்டும். சமையலறைத் தராசில் அட்டைப்பெட்டியை வைத்து, முயலை அதற்குள் தானாக ஏறவிட்டால் எடை கிடைத்துவிடும். வாராவாரம் குறித்து வைத்த அந்த எடையில் தெரியும் சரிவு, முயல் மறைக்கும் நோயை டாக்டருக்குக் காட்டிக்கொடுக்கும்.