அண்ணே, கைதட்டிக் கிளப்பாதீங்க!

"லீவுல கோடியக்கரை போலாமா?" என்று கிளாஸ் குரூப்பில் யாராவது கேட்டால் போதும், உடனே ஒருத்தன் வருவான்: "கைடு எதுக்குடா? கூகுள் மேப் இருக்குல்ல?"

மேப் உங்களை வேதாரண்யம் தாண்டி சரணாலய கேட் வரைக்கும் கொண்டுபோய் விடும். விஷயமே அதுக்கு அப்புறம்தான். வெயில் ஏறுறதுக்குள்ள வெளிமான் எந்தப் பக்கம் மேயும், முந்தாநாள் மழைக்கு எங்க தண்ணி நிக்குது, இதெல்லாம் தினமும் அந்த மண்ணுல நடக்கிற ஆளுக்குத்தான் தெரியும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால சேத்துத் தண்ணியை வடிகட்டிச் சாப்பிடுற பறவை. அதுக்கு ஆழமில்லாத தண்ணி வேணும். தண்ணி மட்டம் மாறினா அதுவும் இடம் மாறிடும். வாடகைக்கு டெலி லென்ஸ் எடுக்கிற காசை கைடுக்குக் கொடுங்க என்பேன்.

என் சண்டை வேற. கைடு கிடைச்சதும் நம்மாளுங்க கேட்கிறது என்ன? "அண்ணே, கிட்ட போய் ஒரு தடவை கைதட்டுங்கண்ணே, மொத்தமா பறந்தா செம ஷாட்!" அவர் மாட்டேன்னா நம்ம மூஞ்சி சுருங்கும், டிப்ஸும் சுருங்கும். அவருக்கு அது பிழைப்பு. அப்புறம் நாமளே ஊருக்கு வந்து, "கைடுங்கதான் பறவைகளை டிஸ்டர்ப் பண்றாங்க"ன்னு ஸ்டேட்டஸ் போடுவோம். நல்லா இருக்கு நியாயம்!

பூநாரையாவது பெரிய பறவை. அதே சேத்துல கொசு உள்ளான்னு ஒண்ணு ஓடிட்டு இருக்கும். எடை சுமார் 25 கிராம்தான். ஆர்க்டிக் பக்கத்துத் தூந்திரத்துல இருந்து குளிர்காலத்துக்கு இங்க வருது. திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்த மாதிரிச் சேத்துல மேய்ஞ்சுதான் சேர்க்கணும். நீங்க ஒரு கூட்டத்தைக் கிளப்பினா பக்கத்துல இருக்கிற இதுவும் சேர்ந்து எழும்பும். நீங்க கிளம்பினதும் அடுத்த வண்டி வரும், அடுத்த கைதட்டு.

பறக்கிற ஷாட் வேண்டாமா என்றால், வேணும். காத்திருங்க. பூநாரை எழும்புறதுக்கு முன்னாடி தண்ணியில நாலடி ஓடும். ஷட்டரை 1/1000-ல வச்சிருந்தா அந்த ஓட்டமே போட்டோ. மேயுறதை நிறுத்தி எல்லாம் ஒண்ணா தலை தூக்கிப் பார்த்தா, நீங்க ரொம்பக் கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம். அங்கேயே நில்லுங்க. கிட் லென்ஸ்தான் இருக்கா? பரந்த புல்வெளியில கறுப்பா ஒரே ஒரு ஆண் மான், சின்னதாத் தெரியட்டும். க்ராப் பண்ணிக் கெடுத்த க்ளோசப்பை விட அது எவ்வளவோ மேல்.

நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நல்ல சீசன். வனத்துறை ஆபீஸ்ல அனுமதியும் நேரமும் முன்னாடியே கேட்டுக்கோங்க. வண்டியில ஏறும்போதே, "அண்ணே, எதையும் விரட்ட வேணாம், கிடைக்கிறது போதும்"னு சொல்லிடுங்க. டிப்ஸ் எவ்வளவுன்னும் அப்பவே சொல்லிடுங்க.