ஆய்வறிவும் துண்டுக் கூலியும்

ஓர் ஆய்வாளரின் தகுதியை அறிய முற்படுவோர் இன்று அவருடைய ஆய்வுகளைப் படிப்பதில்லை, எண்ணுகின்றனர். எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன, அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்னும் இரு வினாக்களோடு மதிப்பீடு முற்றுப்பெறுகின்றது. பிற துறைகளிலும் இவ்வழக்கம் உண்டெனினும், நிறுவன உளவியலில் அது நிலைபெற்றிருப்பதே பெரிதும் விசனத்துக்குரியது. ஏனெனில், மனித உழைப்பை எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் தவறென எடுத்துக்காட்டிய துறை அது.

சிக்காகோவை அடுத்திருந்த ஹோதோர்ண் தொழிற்சாலையில், தொலைபேசி இணைப்புக் கருவிகளில் கம்பி பொருத்தும் பகுதியைச் சேர்ந்த 14 தொழிலாளர் 1931-32 இல் அவதானிக்கப்பட்டனர். கூட்டு உற்பத்திக்கேற்பக் கூலி வழங்கப்பட்டபோதும், நாளொன்றுக்கு இவ்வளவே என அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டனர். ஆகக் குறைவாக உற்பத்தி செய்தவரே அறிவுத்திறன் சோதனையில் முதலிடம் பெற்றவர் என்பதை, 1939 இல் வெளிவந்த ஆய்வுநூல் பதிவு செய்கின்றது. எண்ணிக்கை ஆற்றலைக் காட்டவில்லை. அவ்வறையின் சமூக உறவுகளையே காட்டிற்று.

ஒன்றை எதிர்பார்த்து வேறொன்றுக்கு வெகுமதி அளிப்பது மடமை என ஸ்ரீவன் கேர் 1975 இல் எழுதினார். அவர் காட்டிய உதாரணங்களுள் பல்கலைக்கழகமும் ஒன்று: நல்ல கற்பித்தலை எதிர்பார்க்கின்றோம், வெளியீட்டுக்கே வெகுமதி அளிக்கின்றோம். இக்கட்டுரையை மாணவர்க்குப் போதிக்கும் துறையினரே தமது பதவி உயர்வுக்கு மேற்கோள்களை எண்ணுவது நகைப்புக்கிடமன்றோ?

மேற்கோள் என்பது பாராட்டு மட்டுமன்று. மறுப்பதற்கும் மேற்கோள் காட்டுகின்றோம். யூஜின் கார்பீல்ட் 1964 இல் வெளியிட்ட விஞ்ஞான மேற்கோள் சுட்டி, ஒரு கருத்து எவ்வழியே பரவிற்று எனத் தேடுவதற்கான கருவி. அக்கருவி காலப்போக்கில் மனிதரை நிறுக்கும் தராசாயிற்று. 2005 இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் முன்வைத்த எச்-சுட்டெண், ஓர் ஆயுட்கால உழைப்பை ஒற்றை எண்ணாகச் சுருக்கிற்று.

விளைவு யாது? படிவத்தின் தொடக்கத்திலேயே கையொப்பமிடச் செய்தால் மனிதர் நேர்மையாக நடப்பர் எனக் கூறிய கட்டுரையொன்று 2012 இல் வெளிவந்து பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. அதன் தரவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டமை அம்பலமானதும், 2021 இல் அது மீளப்பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வே பொய்த் தரவில் நின்றது! இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளிலும் பெருகிய மேற்கோள்கள் அப்பொய்யைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரவுகளை எடுத்து ஆராய்ந்தவர்களே காட்டிக்கொடுத்தனர்.

எண்ணிக்கையை விட்டால் செல்வாக்கும் தயவும் கோலோச்சும் என்பர் சிலர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயின் பாரபட்சத்துக்கு மருந்து, படிக்காமல் தீர்ப்பளிப்பதன்று. படித்து, காரணங்களை எழுத்தில் வைத்துத் தீர்ப்பளிப்பதாகும்.

இது எமக்குப் புறத்தே நிகழும் விவகாரமன்று. பேராசிரியர் பதவி உயர்வில் வெளியீடுகளுக்குப் புள்ளி வழங்கும் முறை இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வேலைநிலை பற்றி அவர்களே படிக்கத்தக்க தமிழில் ஒருவர் எழுதினால், அந்நூல் உலகச் சுட்டிகளின் கண்ணிற் படுவது அரிது. எண்ணப்படாதது பயனற்றதெனக் கொள்வோமாயின், எம் மக்களைப் பற்றி எம் மொழியில் எழுதுவோர் அருகிப்போவர்.

துண்டுக் கூலி தொழிலாளியின் ஆற்றலை அளக்காதெனக் கற்பிப்போர், அதனை முதலில் தம்மிடத்தே பிரயோகித்துப் பார்க்கட்டும்.