முகத்தசைவும் உயிர்காப்பே

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முதுமொழி. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவது நகை. அந்நகையை முகத்தில் தோற்றுவிப்பது ஏழாம் மண்டையோட்டு நரம்பாகிய முகநரம்பு. அது செவியின் கீழ் வெளிப்போந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியினூடே கிளைத்து, நெற்றி, இமை, உதடு ஆகியவற்றின் தசைகளை இயக்குகின்றது.

அச்சுரப்பியிலே தோன்றிய புற்றுநோய் நரம்பையும் பற்றிக்கொண்டால், உயிரைக் காக்கும்பொருட்டுச் சத்திர வைத்தியர் நரம்பையும் வெட்டி நீக்க நேரும். உயிர் பிழைத்தபின் முகம் கோணினால் என்ன என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. மூடாத கண் உலர்ந்து புண்பட்டுப் பார்வையை இழக்கவுங்கூடும். உதடு சோர்ந்தார்க்கு உண்ட உணவு கடைவாயில் ஒழுகும். பகர மகரங்கள் திருந்தா. சிரிக்க நாணி அவர் சபையினின்றும் ஒதுங்குவர்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1895ஆம் ஆண்டிலேயே இலண்டனில் சார்ள்ஸ் பலன்ஸ் என்னும் சத்திர வைத்தியர், செயலிழந்த முகநரம்பைக் கழுத்துத் தசைக்குச் செல்லும் வேறொரு நரம்போடு இணைத்தார். இன்று கழுத்திலிருந்தோ கெண்டைக்காலிலிருந்தோ உணர்ச்சி நரம்பொன்றை எடுத்து, நுணுக்குக்காட்டியின் துணையோடு வெட்டுண்ட இடைவெளியில் வைத்துத் தைக்கின்றனர். மூளைப்பக்கத்து முனை எஞ்சாதவிடத்து, மெல்லுந் தசையின் நரம்பைக் கொண்டு இணைப்பதும் உண்டு.

நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே வளரும். ஆதலின் பயன் தோன்றப் பல மாதங்கள் செல்லும். அதற்குப் பொறுத்திருக்கலாம், இணைப்பதைப் பிற்போடுதல்தான் தகாது. நரம்பற்ற தசை நாளடைவில் மெலிந்து, ஓராண்டு, ஒன்றரையாண்டு கடந்தபின் பெரும்பாலும் மீளாது. அப்பால் தொடைத் தசையையே பெயர்த்து முகத்தில் நடவேண்டிவரும். எனவே, நரம்பை வெட்டிய அன்றே, அதே மயக்கத்திலேயே, இணைத்தலும் நிகழவேண்டும் என்பது எம் கருத்து.

பின்னர்க் கதிர்ச் சிகிச்சை வேண்டுமே எனின், அதன்பொருட்டு இணைப்பைக் கைவிடவேண்டியதில்லை. பழைய முகம் முழுவதும் மீளும் என்று சொல்லவும் மாட்டோம். கண்ணை மூடுங்கால் வாயும் உடன் அசைதல் கூடும். நரம்பு கொடுத்த இடத்திற் சிறிது உணர்ச்சி குன்றும். எனினும், இமை மூடுதலும் சிறுநகை அரும்புதலும் சிறு பேறல்ல.

நம் கல்லூரி ஈன்ற வைத்தியர்கள் பலர். அவர்கள் இதனைச் சிகிச்சைக்கு முன்னரே நோயாளர்க்கு எடுத்துரைப்பாராக. ஏனைய அன்பர்களும், தம் சுற்றத்தார்க்கு இந்நிலை நேரின், "நரம்பை வெட்ட நேர்ந்தால் அன்றே இணைப்பீர்களா?" என்று கேட்கத் தயங்காதிருப்பாராக. உயிரைக் காப்பது கடன். அவ்வுயிர் மலர்ந்து நோக்கும் முகத்தைக் காப்பதும் அக்கடனின் பகுதியே.