சொற்போரும் இலக்கணமும்

விழுப்புரம் என்னும் ஊர்ப்பெயரைப் பலர் ‘விளுப்புரம்’ என்றே ஒலிக்கின்றனர். அவ்வூர் பெரியதோர் இரயில் சந்திப்பு. சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் மயிலாடுதுறைக்கும் திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் செல்லும் பாதைகள் அங்குக் கூடுகின்றன. அந்நிலையத்து வாயிலில் நிற்கும் ஒருவர், “விளுப்புரத்துலேருந்து புதுச்சேரி வண்டி போயிடுச்சு” என்று கூறுகிறார் எனக் கொள்க. கேட்டவர், “ழகரம் ஒலிக்க அறியாத நீரோ வண்டியைப் பற்றிப் பேசுவது?” என்று நகைக்கிறார். நகைத்தவர் கூறிய ஒலித்திருத்தம் சரியே. ஆயினும் வண்டி போனது போனதுதான்.

இத்தகைய வெற்றிகள் சொற்போரில் நாள்தோறும் நிகழ்கின்றன. தாம் எண்ணியதை எழுதி ஊரறியச் செய்தல் இந்நாளில் எவர்க்கும் எளிதாயிற்று. எழுதுவோர் பெருகினர், பிழையும் பெருகிற்று, பிழை பிடிப்போர் அதனினும் பெருகினர். எதிரியின் கூற்றுக்கு விடை காண இயலாதவர், அவர் விட்டுவிட்ட ஒற்றெழுத்து ஒன்றைக் கண்டெடுத்து, அதனையே வெற்றிக் கொடியாக உயர்த்துகின்றனர். இதனைக் கண்டு வெறுப்புற்ற மற்றொரு சாரார், “கருத்து விளங்கினால் போதாதா? இலக்கணம் எதற்கு?” என்று வினவுகின்றனர். முன்னவர் இலக்கணத்தைப் படைக்கலமாகக் கொண்டனர். பின்னவர் அதனைச் சுமையாகக் கருதினர். இருவரும் இலக்கணம் இன்னது என்பதை நன்கு உணர்ந்தவரல்லர்.

வழக்கு ஒன்று எவ்வாறு தீர்க்கப்பட வேண்டும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே பழைய சான்று உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த அவ்வழக்கைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தாம் இயற்றிய பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். நம்பியாரூரரின் திருமணம் தொடங்கவிருக்கும் வேளை. முதிய அந்தணர் ஒருவர் பந்தருள் புகுந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் கூறுகின்றார். மணமகனுக்குச் சினம் மூளுகிறது. அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் உண்டோ என்று கேட்கிறார். முதியவரைப் பித்தர் என்று இகழ்கிறார். ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். இகழ்ச்சிக்கு முதியவர் அசையவில்லை. கிழிந்தது படியோலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறி, வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு செல்கின்றார்.

அவ்வவையோர் செய்தது கருதத்தக்கது. மணமகன் கற்றவர், யாவரும் அறிந்தவர். முதியவரோ எங்கிருந்து வந்தார் என்பதையும் எவரும் அறியார். எனினும் இருவருள் எவர் பேச்சு அழகியது என்று அவையோர் நோக்கவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, மூல ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டனர். எழுத்து ஒத்தது. நம்பியாரூரர் தோற்றார் என அவை முடிவு கூறிற்று. முதியவராய் வந்தவர் இறைவனே என்பது பின்னர் வெளிப்படுகிறது. ஏசிய ‘பித்தன்’ என்னும் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு அவர் பணிக்கின்றார். வன்சொல் கூறி வழக்காடியமையால் நம்பியாரூரர்க்கு ‘வன்றொண்டர்’ என்ற பெயரும் வாய்த்தது. ஏசிய சொல்லுக்கு மன்னிப்பு, அன்று, சிறப்பே கிடைத்தது; தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

சொல்லாற்றலே பொருளாக நடந்த போர்களும் நம் நாட்டில் உண்டு. திண்டிவனத்தை அடுத்த மயிலத்து முருகன் கோயில் பொம்மபுர ஆதீனத்தைச் சார்ந்தது. அவ்வாதீனத்தின் சிவஞான பாலய தேசிகரைப் போற்றிப் பாடியவர் பதினேழாம் நூற்றாண்டினரான துறைமங்கலம் சிவப்பிரகாசர். அவர் இளமையில் திருநெல்வேலிப் பக்கம் சென்று வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் இலக்கணம் கற்றார். கல்வி முடிந்தபின், திருச்செந்தூரில் தம்மை இகழ்ந்து திரியும் புலவர் ஒருவரை வென்று வருவதே தமக்குரிய காணிக்கை என ஆசிரியர் கூறினாராம். இதழ் ஒட்டாமலும் குவியாமலும் ஒலிக்கும் எழுத்துகளாலேயே பாட வேண்டும். தோற்றவர் வென்றவர்க்கு அடிமையாக வேண்டும் என்பது போட்டி. சிவப்பிரகாசர் அவ்வாறே அந்தாதி பாடி வென்று, தோற்ற புலவரை ஆசிரியர் திருமுன் நிறுத்தினார் என்பர். திருச்செந்தூர் முருகன்மேல் அவர் பாடிய நிரோட்டக யமக அந்தாதி இன்றும் கற்கப்படுகிறது. இங்கே எழுத்திலக்கணமே போட்டியின் பொருள். ஆதலால், எழுத்தில் வழுவியவர் தோற்றார் என்பது முறையே. மற்போரில் நெஞ்சுரத்தை அளப்பதும், ஓட்டப் பந்தயத்தில் கால்விரைவை அளப்பதும் போன்றது அது. நீர்ப்பங்கீட்டைப் பற்றிய வழக்கில் ஓட்டப் பந்தயம் வைத்துத் தீர்ப்புக் கூறுவார் உண்டோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு வகைப் போரும் ஒருவரைச் சூழ்ந்தே நிகழ்ந்தன. அவர் வடலூர் இராமலிங்க அடிகள். திண்டிவனம் அடங்கிய வடநிலப் பகுதிக்குத் தொண்டை மண்டலம் என்பது பழம்பெயர். படிக்காசுப் புலவர் அதன்மீது பாடிய சதகத்தை 1850களில் அடிகள் பதிப்பித்தார். அப்போது, அந்நாட்டின் பெயர் ‘தொண்டைமண்டலம்’ என்பதா, ‘தொண்டமண்டலம்’ என்பதா என்ற வினா எழுந்தது. ஓர் ஐகாரம் நிற்பதா, கெடுவதா என்பதே வழக்கு. பனையும் காயும் சேர்ந்து ‘பனங்காய்’ ஆகும்போது ஐகாரம் கெடுவதை மாணவர் அறிவர். அடிகள் ‘தொண்டமண்டலம்’ என்னும் வடிவே தக்கது என நிறுவ, நூற்பெயர் இலக்கணம் என விளக்கம் ஒன்று எழுதினார். பெயரின் இலக்கணம் பற்றிய வினாவுக்கு இலக்கணத்தாலேயே விடை கூறப்பட்டது.

பின்னர் எழுந்த பூசல் இத்தகையதன்று. 1867இல் அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்னும் பெயரால் அச்சேறின. அப்பெயரையும், அதன் பகுதிகளுக்குத் திருமுறை எனப் பெயரிட்டதையும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். நாவலர் எளியவரல்லர், பிழையற்ற பதிப்புகளாலும் தெளிந்த உரைநடையாலும் தமிழுக்கு அவர் செய்த பணி பெரிது. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரை வாழும் ஒருவர் பாடல்களுக்குச் சூட்டலாமா என்று அவர் எழுப்பிய வினாவும் ஆராயத்தக்கதே. அவ்வினாவோடு நின்றிருந்தால் தமிழ்நாட்டுக்கு நல்லதோர் ஆராய்ச்சி கிடைத்திருக்கும். நடந்ததோ வேறு. 1869இல் பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. விழுப்புரமும் திண்டிவனமும் அந்நாளில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தவை. 1993இலேயே விழுப்புரம் தனி மாவட்டம் ஆயிற்று.

முதல்வர் இருவரும் மறைந்த பின்னும் பூசல் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் மறுபக்கமும் நின்று வாதிட்டனர். கண்டனமும் கண்டனத்திற்குக் கண்டனமும் துண்டு நூல்களாகக் குவிந்தன. சொற்குற்றமும் பொருட்குற்றமும் தேடித்தேடி எடுக்கப்பட்டன. ஆளையே ஏசும் சொற்களும் அவற்றோடு கலந்தன. அருட்பாவின் முதலெழுத்தை மாற்றி ‘மருட்பா’ என்றனர். வெண்பாவும் ஆசிரியப்பாவும் கலந்து வரும் பாவுக்கு யாப்பிலக்கணம் சூட்டிய பெயர் மருட்பா. ஒரு குற்றமும் செய்யாத அவ்விலக்கணச் சொல் ஏசற்சொல் ஆயிற்று. இன்று அத்துண்டு நூல்களை ஆராய்ச்சியாளரே தேடிப் படிக்கின்றனர். மூல வினா அவற்றின் அடியில் புதைந்து கிடக்கிறது.

ஒரு கூற்றுக்கு அதன் சொற்பிழையைக் காட்டி விடை கூறுதலைத் தமிழ் இலக்கணமே ஒப்புவதில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், வினாவும் விடையும் வழுவாமல் காத்தலை விதியாக வகுத்தார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் எனப் பின்வந்த இலக்கண நூலார் எண்ணினர். “திண்டிவனத்துக்கு வழி எது?” என்று கேட்டவரிடம், “இந்த ஆண்டு மணிலாப்பயிறு நன்றாக விளைந்தது” என்று கூறினால், அத்தொடரில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை; ஆயினும் அது வழு. கேட்டதற்குப் பொருந்தாமையே அதன் குற்றம். வண்டி போய்விட்டது என்றவரிடம் ழகரம் கற்பித்தவரும் இவ்வழுவையே செய்தார். சொன்னவரிடம் இருந்தது ஒலிப்பிழை ஒன்று. திருத்தியவரிடம் இருந்தது விடை வழு. இவற்றுள் எது பெரிது என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர்.

இலக்கணம் கண்டிப்பு மட்டும் உடையதன்று. வழுவைக் கூறிய நூலோர் வழுவமைதியையும் உடன் கூறினர். தன் பசுவை ஒருவன் உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்றால், அதனைத் திணை வழு என்று தள்ளாமல் அமைத்துக்கொண்டனர். மக்கள் நாவில் தேய்ந்து திரிந்த சொற்களை ‘மரூஉ’ எனப் பெயரிட்டு ஏற்றனர். புளிய மரத்தை வடமொழியில் திந்திரிணி என்பர்; திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பது வழங்கிவரும் பெயர் விளக்கம். அவ்விளக்கம் உண்மையாயின், திண்டிவனத்தார் ஒவ்வொருவரும் தம் முகவரியை எழுதும்போதெல்லாம் திரிந்த சொல் ஒன்றையே எழுதுகின்றனர். அதனைத் திருத்தப் புகுவாரும் இலர். புகுந்தால் அஞ்சல் சென்று சேராது.

இவ்வளவு கூறியதனால், இலக்கணம் வேண்டா என்பார்க்கு வெற்றி கிடைத்துவிடவில்லை. பேசுகிறவர் எதிரே நிற்கும்போது அவர் பிழை பெருந்தீங்கு செய்வதில்லை. ஐயம் தோன்றின் கேட்கலாம்; அவர் கையைக் காட்டியேனும் விளக்குவார். எழுத்தோ, எழுதியவர் சென்ற பின்னும் தனித்து நின்று பேச வேண்டியது. ‘வேலை கொடு’ என்பதும் ‘வேலைக் கொடு’ என்பதும் ஒன்றல்ல. முன்னது தொழில் கேட்பது, பின்னது வேற்படை கேட்பது. வட்டாட்சியர் அலுவலக வாயில்களில் மனு எழுதித் தருவோரின் நடையில் வணக்கமும் பணிவும் ஒரு பக்கம் நிரம்பிய பின்னரே குறை தலைகாட்டும். நிலத்தின் நான்கெல்லையைக் கூறும் இடத்தில் ஒரு வேற்றுமை உருபு தவறினால், அத்தனை பணிவும் நிலத்தை மீட்டுத் தராது.

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும் என்பது 2022 முதல் உள்ள ஏற்பாடு. முன்பு நான்கு நாளாக இருந்ததோடு, மார்ச்சு 22ஆம் நாளும் நவம்பர் 1ஆம் நாளும் சேர்க்கப்பட்டன. அங்கே பேசப்படுவன பெரும்பாலும் குடிநீரும் சாலையும் ஏரியும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் ஏரிப்பாசனத்தை நம்பிய நிலம். மழை மிகுந்தாலும் ஏரியே அச்சம். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, டிசம்பர் 1ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருக்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நாளில் மதகு ஒன்று திறக்குமா, திறக்காதா என்பது சொல்லாராய்ச்சி அன்று, உயிர்ச் செய்தி.

இரண்டு ஏரிகளை உடைய ஊர் ஒன்றைக் கருதுக. அவற்றுள் சிறிய ஏரிக்கு இரண்டு மதகுகள். பெரிய மதகின் பலகை உளுத்துவிட்டது. பள்ளி சென்றறியாத மூதாட்டி ஒருத்தி சபையில் எழுந்து அதனைக் கூறுகிறாள். அவள் பேச்சில் ஒருமையும் பன்மையும் மயங்குகின்றன. இளைஞர் சிலர் சிரிக்கின்றனர். அச்சிரிப்புக்கு நாணி அவள் அமர்ந்துவிட்டால், மதகின் செய்தியும் அவளோடு அமர்ந்துவிடும். அடுத்த முறை பேச எழவும் மாட்டாள். அவள் அமரவில்லை, சொல்லி முடித்தாள் என்று கொள்வோம். ஊராட்சிச் செயலர், ‘பெரிய ஏரி மதகைச் சீர்செய்தல் வேண்டும்’ எனத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிப் படித்துக் காட்டுகின்றார். ஒற்று ஒன்றும் தவறவில்லை. ஆயினும் ‘பெரிய’ என்னும் அடை ஏரியைத் தழுவுகிறதா, மதகைத் தழுவுகிறதா என்பது அத்தொடரில் விளங்கவில்லை.

மூதாட்டி மீண்டும் எழுகிறாள். “அய்யா, பெருசு மதகுதான், ஏரி இல்ல. நீங்க எழுதுனதப் படிச்சா அந்தாண்ட ஏரிக்கில்ல ஆளு போயிடுவாங்க?” என்கிறாள். செயலர் எழுதியதை ஒருமுறை தமக்குள் படித்துப் பார்க்கிறார். அடித்துவிட்டு, ‘சிற்றேரியின் பெரிய மதகு’ என்று எழுதுகிறார்.