லிட்டருக்கு 6 பைசா! நம்ம கெணத்துக்கு விலை இதுதானா?

 

சாயத்தண்ணீரைப் பற்றி நாம் வாயைத் திறந்தால் உடனே ஒரு பேச்சு வருகிறது: "ஏனுங்க, உங்க வீட்டுப் பையனே பட்டறை வேலைக்குத்தானே போறான்? மூடிப்போட்டா சோத்துக்கு எங்க போவீங்க?" நியாயமான கேள்விதான். பதில் சொல்வோம்.

ஒரத்துப்பாளையம் அணை 1992ல் கட்டி முடிந்தது. கரூர்ச் சீமை வரைக்கும் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். ஐந்தாறு வருசத்தில் அது சாயக்கழிவுக் குட்டையாகிப் போனது. தண்ணீர் விடு என்று போராடுவதுதான் விவசாயி வழக்கம். "சாமி, இந்தத் தண்ணியத் தேக்க வேண்டாம்" என்று விவசாயியே மனுக் கொடுத்த கொடுமை இங்கேதான் நடந்தது!

2003ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2007 ஜூலைக்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது. அதுவரை லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா அபராதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் ஒரு லட்சம் லிட்டர் விடுகிற பட்டறைக்கு 6 பைசா வீதம் ஆறாயிரம் ரூபாய். பனியன் வியாபாரத்தில் அது டீச்செலவு! கெடு தாண்டியது. 2009ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த மூன்று மாதக் கெடுவும் தாண்டியது. 2011 ஜனவரி 28ல் பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் பயம் வந்தது.

நமக்கு என்ன கிடைத்தது? இழப்பீட்டு ஆணையம் 2004ல் 68 கிராமங்களில் 28,596 பேருக்கு சுமார் 24 கோடியே 80 லட்சம் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை. ஒரு கறவை மாடு வாங்க முடியுமா? அதே பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 2011ல் 200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பயிர்க்கடனுக்காக சொசைட்டிக்கு நடையாய் நடந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

இனி அந்தப் பையன் விசயம். காடு உப்பாகிப் போனதால் பட்டறைக்குப் போனவன் அவன். காஸ்டிக்கும் ஆசிட்டும் அள்ளுகிற கைக்கு உறை இல்லை, காலுக்கு பூட்ஸ் இல்லை. கழிவுத் தொட்டியில் விசவாயு இருக்கிறதா என்று பார்க்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல் இறக்கிவிடுகிறார்கள். ஒருத்தன் மயங்கி விழுந்தால் தூக்கப் போன இன்னொருத்தனும் சேர்ந்து சாகிறான். தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்கக் கூடாது என்று 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கயிறும் முகமூடியும் வாங்க மனசில்லாத முதலாளிதான் ராத்திரியில் வால்வைத் திறந்துவிடுகிறவரும். இரண்டிலும் அவருக்கு மிச்சம், இரண்டிலும் நமக்குச் செலவு. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். திருட்டுத்தனம் பண்ணுகிறவனோடு விலைப் போட்டி போட்டு நொடித்துப் போவது அவர்கள்தான்.

மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தைவிட அபராதம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தப் பணம் கெணறு கெட்டவனுக்கும் தொட்டியில் செத்தவன் குடும்பத்துக்கும் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு பட்டறையின் மீட்டர் ரீடிங்கும் மாதாமாதம் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதப்பட வேண்டும்.

அடுத்த கிராமசபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். கெணத்துத் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து, பேரும் சர்வே நம்பரும் எழுதிக் கொண்டு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கும் வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

இவண்,
சங்க நிர்வாகிகள்