கலர் ஜெராக்ஸ் டோனர்: பெட்டி விலையை விடுங்க, பக்கத்தோட விலையைப் பாருங்க!

நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ் தொடங்குறீங்க. இல்லைன்னா, ஊரில் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு கலர் மெஷின் வாங்கித் தர்றீங்க. மெஷினுக்காக நாலு கடை ஏறி இறங்கி பேரம் பேசுவோம். டோனரை மட்டும் 'எது சீப்போ அதைக் கொடுங்க' என்று வாங்கிவிடுவோம். கை கடிக்க ஆரம்பிப்பது அங்கேதான்.

டோனர் என்றால் என்ன?

அது திரவ மை இல்லை. மிக நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அதோடு நிறமியும் மெழுகும், மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்களும் கலந்திருக்கும். டிரம்மில் நிலைமின்சாரத்தால் ஒட்டும் இந்தப் பொடி தாளுக்கு மாறும். பிறகு ஃபியூசரின் சூட்டில் உருகி, தாளோடு பதிந்துவிடும். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு பொடிகள்தான் நாம் பார்க்கும் எல்லா வண்ணங்களையும் தருகின்றன.

1,500 பக்கம் வருமா?

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, பொதுவாக ஒவ்வொரு நிறமும் தாளில் சுமார் 5 சதவீத இடத்தை நிரப்பும் என்ற அடிப்படையில் போட்டது. நீங்கள் அடிப்பதோ முழுப்பக்க போட்டோ, கல்யாண பேனர் மாடல்!

ஒரு கணக்கு போடுவோம். கார்ட்ரிட்ஜ் ஒன்று 3,000 ரூபாய், 1,500 பக்கம் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய். நான்கு நிறத்துக்கும் சேர்த்து 8 ரூபாய். ஒவ்வொரு நிறமும் 20 சதவீதம் நிரம்பினால், 375 பக்கத்திலேயே கார்ட்ரிட்ஜ் காலி. பக்கத்துக்கு 32 ரூபாய்! பத்து ரூபாய்க்கு பிரிண்ட் கொடுத்தால் என்ன ஆகும்? கடையில் கூட்டம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது.

ஒரிஜினலா, கம்பாட்டிபிளா?

கம்பாட்டிபிள் டோனரே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பில், படிவம் மாதிரி கருப்பு எழுத்து வேலைக்கு நல்ல தயாரிப்பு போதும். கலருக்குத்தான் கவனம் தேவை. உங்கள் மெஷினின் சூட்டுக்குப் பொடி சரியாக உருகாவிட்டால், விரல் பட்டாலே எழுத்து உதிரும், ஃபியூசரும் அழுக்காகும். ஒரே ஒரு நிறத்தை மட்டும் வேறு தயாரிப்பில் மாற்றினால் முகத்தின் நிறமே மாறிப்போகலாம். எல்லாவற்றையும் விட மோசமானது, ஒரிஜினல் பெட்டியில் வரும் போலி. விலையும் கொடுத்து, தரமும் கிடைக்காமல் ஏமாறுவோம்.

அதனால், மாடல் எண்ணைச் சரிபாருங்க, பில் கேட்டு வாங்குங்க. கருப்பு எழுத்து மட்டும் இருக்கும் பக்கத்துக்கு 'பிளாக் அண்ட் ஒயிட்' செட்டிங் போடுங்க. கலர் பொடி மிச்சமாகும். பொடி சிந்தினால் வெந்நீர் வேண்டாம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியும் குளிர்ந்த தண்ணீரும் போதும்.

மெஷின் வாங்குவது ஒரு நாள் செலவு. டோனரோ கடை திறந்திருக்கும்வரை தொடரும் செலவு. பேரம் பேசுவதற்கு முன், அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.